சந்தனமேரியின் கை

கோடையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் வேருக்கு ஊற்றுவதில்லை, வெயிலுக்குத்தான் ஊற்றுகிறார்கள். மேல்மண் கறுத்ததும் மனம் நிறைந்து குடத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். மத்தியானத்துக்குள் அவ்வளவும் ஆவியாகிவிடும். நம் பக்கத்து மணலில் பாத்தியை மேடாகக் கட்டக் கூடாது, பள்ளமாக வெட்ட வேண்டும். பழைய மண்பானையின் அடியில் ஓட்டை போட்டு, துணித்திரி செருகி, கழுத்துவரை புதைத்து, அதற்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும். சுற்றிலும் காய்ந்த சருகைப் பரப்பி மூட வேண்டும். இவ்வளவுதான். இதைச் சொல்வதற்காகத்தான் நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். காப்பியைத் தவிர யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டேன். "உங்க இஷ்டம் மேடம்" என்றீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அதனால் இங்கிருந்து தொடங்கினேன். மெதுவாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்ளும் அந்தப் பெண் தடுமாற வேண்டாம். வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகளுக்கு டிக்டேஷன் போட்டவள் நான்.

என் பெயர் தனகோடி. மரக்காணத்தில் தனகோடி டீச்சர் என்றால் தெரியும். நடுநிலைப்பள்ளியில் அறிவியல் நடத்தினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் எழுந்து குளித்து, புடவை கட்டிக்கொண்டு, போவதற்கு இடமில்லை என்பது ஞாபகம் வந்து, நாற்காலியில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. குயிலாப்பாளையத்தில் வீட்டுத் தோட்டம் போடச் சொல்லிக்கொடுக்கும் குழு ஒன்று இருந்தது. அவர்களிடம் போய், என் ஊர்ப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். விதை கொடுத்தார்கள். மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான்.

பிறகு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். இலையைப் பேப்பரில் மடித்து எடுத்து வருவார்கள். பஸ் ஸ்டாண்டில்கூட நிறுத்தி, "டீச்சர், எங்க வூட்டு அவரை பூ உதிருது, பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். நான் சொல்வேன். சொன்னால் கேட்பார்கள். உங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. உங்களை நாள் முழுக்க யாராவது எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சுனாமி வந்து மூன்று மாதம் இருக்கும். கோயில் ஹாலில் கூட்டம் போட்டிருந்தார்கள். கழிமுகம் வழியாக ஏறி வந்த கடல் தண்ணீர் நிறைய வீடுகளின் கொல்லையில் நின்றுவிட்டுப் போயிருந்தது. அந்த மண்ணை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று பேசுவதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்து இறங்கியபோது ரோஸ்லின் வந்தாள். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவள். சுமாரான மாணவி. கேள்வி மட்டும் நிறையக் கேட்பாள். கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள் ஒருத்தியை.

"டீச்சர், இவங்க எங்க அண்ணி. சந்தனமேரி. அண்ணன் போனதுல இருந்து பேச்சே இல்ல. செடின்னா உசுரா இருப்பாங்க. ஒரு வாட்டி வூட்டுக்கு வந்து பாருங்க டீச்சர்."

சேவியர்ராஜை எனக்குத் தெரியும், உப்பு லாரி ஓட்டியவன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனான். கால்வாய்க்கு அந்தப் பக்கம் வேலிகாத்தான் புதரில் கிடைத்தான். பிள்ளைகள் இல்லை. சந்தனமேரி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுடைய கைகளைப் பார்த்தேன். நகக்கண்ணில் மண் இருந்தது. மூன்று மாதம் பேசாமல் கிடந்தவள் மண்ணை மட்டும் தோண்டிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அந்த வாரமே போனேன். வீட்டுக்குப் பின்னால் நல்ல அகலமான கொல்லை. நடுவில் கிணறு. மண்மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. எல்லாம் போய்விட்டது, ஒரு எலுமிச்சை மட்டும் பாதி இலையோடு நின்றது. சேவியர்ராஜ் கல்யாணத்தன்று வைத்ததாம். ரோஸ்லின்தான் சொன்னாள்.

அந்த எலுமிச்சையை நாங்கள் இருவரும் காப்பாற்றினோம். நாங்கள் என்று சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தோம். ஜிப்சம் போட்டோம். நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்கினோம். தழையுரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மண்ணோடு மடக்கி மிதித்தோம். ரோஸ்லின் சென்னைக்குப் புருஷனிடம் திரும்பிப் போனாள். அதன் பிறகு ஞாயிறு பூசை முடிந்து சந்தனமேரி வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்பாள். முதலில் தலையை ஆட்டுவாள். பிறகு ஒரு சொல், இரண்டு சொல். ஆடி மாதத்தில் கத்தரி காய்த்தபோது முதல் காயைப் பறித்து என் மடியில் போட்டு அழுதாள்.

"நீங்க இல்லன்னா நான் செத்துருப்பேன் டீச்சர்" என்றாள்.

எனக்கு அப்படி யாரும் சொன்னதில்லை. அம்மாவைக் கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன், அவளும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று அந்த வாக்கியத்தை நானே ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மற்றதைச் சொல்வதில் அவ்வளவு வெட்கம் இல்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏரி உடைந்தது, ரோடு அறுந்தது. ஆனால் மண்ணுக்கு அது மருந்து. மிச்சமிருந்த உப்பையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. கிணற்றுத் தண்ணீர் இனித்தது. தையில் போய்ப் பார்த்தால் சந்தனமேரியின் கொல்லையில் கால் வைக்க இடமில்லை. பீர்க்கை கூரைமேல் ஏறியிருந்தது. எலுமிச்சையில் பிஞ்சு. தெருப் பெண்கள் நாலு பேர் அவளைச் சுற்றி நின்று எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளப் பாத்தி, பானை, சருகு. என்னுடைய வார்த்தைகள். என்னைப் பார்த்ததும் சிரித்து, "வாங்க டீச்சர்" என்றாள். கேட்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

ரோஸ்லின் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அண்ணன் வீடுதானே அவளுக்குத் தாய்வீடு. மாசியில் ஆண் குழந்தை பிறந்தது. வீட்டில் ஒரே சத்தம், சிரிப்பு, சாம்பிராணிப் புகை. சந்தனமேரி குழந்தையைத் தோளிலிருந்து இறக்காமல் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். வாசல்வரை வந்து சொன்னாள்:

"வெயில்ல நீங்க இனிமே சிரமப்பட்டு வராதீங்க டீச்சர். நானே பாத்துக்குறேன். எதனா டவுட்டுன்னா நானே வந்து கேக்குறேன்."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு ஞாயிறு நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு காலையில் உப்பளத்துக்குப் போனேன். உப்பு வாரி முடித்த பாத்தியில் கசப்புத் தண்ணீர் கொஞ்சம் தேங்கி நிற்கும், பார்த்திருப்பீர்கள். எதற்கும் உதவாது என்று வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். கேனில் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்த பாப்பாத்தி, "இத்த எடுத்துனு போயி என்னா டீச்சர் பண்ணப் போறீங்க?" என்று சிரித்தாள். பரிசோதனைக்கு என்றேன். பொய் இல்லை.

பூசை நேரம். சந்தனமேரி கோயிலில் இருப்பாள். ரோஸ்லின் பச்சை உடம்புக்காரி, முன்னறையில் குழந்தையோடு படுத்திருப்பாள். பின்பக்கச் சந்தில் வேலியில் ஒரு படல் உண்டு. நானும் சந்தனமேரியும் சேர்ந்து கட்டியது. அதைத் தூக்கிவிட்டு உள்ளே போய், வெண்டைக்குப் பக்கத்தில் புதைத்திருந்த பானைகளில் ஊற்றினேன். தண்ணீர் வேருக்குப் போக வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அது வேருக்குத்தான் போயிற்று.

நாலாம் நாள் அவள் ஓடி வந்தாள். வெறுங்காலோடு. பேப்பரில் மடித்த இலை கையில் இருந்தது. ஓரம் தீய்ந்து சுருண்டிருந்தது.

"டீச்சர், கொஞ்சம் வர்றீங்களா? எனக்குப் பயமா இருக்குது."

உடனே கிளம்பினேன். வழியில் அவள் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியும் இருந்தேன், ஒரு வாரம். புது நாற்று கொடுத்தேன், அவை தேறின. தேறியதும் அவள் வருவது குறைந்தது. ஆகவே கீரைக்கு ஊற்றினேன். பிறகு பீர்க்கைக்கு. ஒவ்வொரு தடவையும் அவள் வந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் போய்ப் பார்த்து, ஏதாவது ஒன்றைச் செய்யச் சொன்னேன். எல்லாவற்றையும் செய்தாள். தெருப் பெண்கள் அவளிடம் யோசனை கேட்பதை நிறுத்தினார்கள். என்னிடம் வந்தார்கள்.

ஒருநாள் அவள் கேட்டாள், "பக்கத்து வூட்டுலலாம் நல்லாத்தான டீச்சர் இருக்குது. எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

புத்திசாலித்தனமான கேள்வி. அதற்கு ஒரு பதில் தேவைப்பட்டது. நான் கத்தரி நாற்று எடுத்து வந்தேன். ஒரே விதை, ஒரே வயசு. கிணற்றுக்கு இடது பக்கம் ஒரு பாத்தி, வலது பக்கம் ஒரு பாத்தி. இடதில் அவளை நடச் சொன்னேன், வலதில் நான் நட்டேன். ஒரே கிணற்றுத் தண்ணீர். வகுப்பில் இப்படித்தான் செய்து காட்டுவோம், ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் ஒரே மாதிரி வைத்துக்கொண்டு. தவக்காலம், வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை வழிபாட்டுக்கு அவள் போயிருந்த நேரத்தில் வந்து இடது பாத்திக்கு மட்டும் ஊற்றினேன்.

அடுத்த வாரம் இரண்டு பாத்திகளுக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். வலதில் நாற்று நிமிர்ந்து துளிர் விட்டிருந்தது. இடதில் எல்லாம் படுத்திருந்தது. பரிசோதனையைச் செய்து காட்டலாம், முடிவை மாணவர்தான் சொல்ல வேண்டும்.

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என் கையா டீச்சர்?"

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன். "ஆனா கொஞ்ச நாளைக்கு நீ செடியத் தொடாம இரு. நான் வந்து பாத்துக்குறேன்."

கைராசி என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அறிவியல் நடத்தியவள் நான். அவளுக்கு நம்பிக்கை இருந்தது. கேட்கிறவருக்குப் புரிகிற பாஷையில்தான் யோசனை சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் படியில் உட்கார்ந்து சொன்னாள், "அன்னிக்குக் காலையில அவரு சட்டைக்கு நான்தான் பட்டன் போட்டு வுட்டேன் டீச்சர். பொங்கல் துன்னுட்டுப் போங்கன்னு இந்தக் கையாலதான் ஊட்டி வுட்டேன்."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். நான் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அதற்குப் பிறகு அவள் செடியைத் தொடவில்லை. நான் வாரத்தில் மூன்று நாள், நாலு நாள் போனேன். அவள் தள்ளி நின்று நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு அமைதியான நாட்கள் எனக்கு முன்பு வாய்த்ததில்லை. ஆனால் அவள் ஒரு படி மேலே போய்விட்டாள். குழந்தையைத் தூக்குவதில்லை. குளிப்பாட்டுவதில்லை. தூளியில் கிடந்து அழுதால் கதவோரம் நின்று, "ரோஸ்லின், ரோஸ்லின்" என்று கூப்பிடுவாள். கைகளை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொள்வாள்.

ரோஸ்லினுக்குக் கோபம் வந்தது. தெருவே கேட்கும்படி இரண்டு மூன்று நாள் சண்டை. "எம் புள்ளைய ஏன் ஒதுக்குறீங்க? ஒங்களுக்குப் புள்ள இல்லன்னு பொறாமையா?" என்றுகூடக் கேட்டுவிட்டாளாம். கேட்டுவிட்டு அவளே அழுதாளாம். இந்தச் சண்டையைத்தான் அக்கம்பக்கத்தார் உங்களிடம் சொன்னார்கள். அதைக் கேட்டு நீங்கள் ஒரு முடிவுக்கு வந்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. கொடுத்த விவரங்களுக்கு அதுதான் முடிவு.

எலுமிச்சையை மட்டும் விட்டுவைத்திருந்தேன். அது காய்த்து நின்றால் அவளுக்குத் தன் கைமேல் மறுபடி நம்பிக்கை வந்துவிடும் என்று தோன்றியது. பெரிய வெள்ளி அன்று மத்தியானம் மூன்று மணிக்கு ஊரே கோயிலில் இருக்கும். ரோஸ்லினுக்கும் நாற்பது நாள் கழிந்துவிட்டது, அவளும் குழந்தையோடு போயிருப்பாள் என்று நினைத்தேன். குழந்தைக்கு ஜுரம் என்பது எனக்குத் தெரியாது.

பாதிக் கேன் ஊற்றியிருப்பேன்.

"டீச்சர்? நீங்க எங்க இங்க?"

ரோஸ்லின் பின்கதவில் நின்றுகொண்டிருந்தாள். தலை படியப் பின்னி, கனகாம்பரம் வைத்திருந்தாள். கிட்டே வந்தாள். கேனைப் பார்த்தாள், எலுமிச்சையின் அடியைப் பார்த்தாள். கேனுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள். கேள்வி கேட்கிற பிள்ளை என்று சொன்னேனே.

"இதுவா?" என்றாள். "எல்லாத்துக்கும் இதுவா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. அவளுக்குப் புரிய வைக்கலாம் என்று நினைத்தேன். "உங்க அண்ணிய தனியா வுட்டா அவ தாங்க மாட்டா ரோஸ்லின். நீ இன்னும் கொஞ்ச நாள்ல சென்னைக்குப் போயிடுவ. அவளுக்கு ஒரு ஆள் வேணும். நான் அவ நல்லதுக்குத்தான்..."

"இந்தக் கைய வெட்டிப் போட்டுடலாமான்னு ராத்திரிலாம் அழுவுறாங்க. எங்க அண்ணனத் தானே கொன்னுட்டதா சொல்றாங்க." அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் படல் வழியாகப் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். "நீங்க எதுருல ஒக்காந்து காப்பி குடிச்சினு இருந்தீங்க."

நான் கேனைக் கையில் எடுத்தேன்.

"அண்ணி வரட்டும். கோயில்ல இருந்து எல்லாரும் வரட்டும். இந்தக் கேன் இங்கியே இருக்கட்டும். நீங்களும் இங்கியே இருங்க."

வாயில் அந்தக் கசப்பு இருந்திருக்கும். கொப்பளிப்பதற்காகக் கிணற்றில் வாளியை விட்டாள். அந்தக் கிணற்றின் சுவர் முழங்காலுக்கு மேல் வராது. அவள் குனிந்தாள்.

அவள் தவறி விழுந்தாள் என்று சொல்லலாமா என்று யோசித்திருக்கிறேன். தடுக்க முயன்றேன் என்று சொல்லலாமா என்றும். இரண்டு கையாலும் தள்ளினேன். இடுப்புக்கு மேலே, முதுகில். கேன் இருந்த கையைக் காலி செய்துகொள்வதற்காகக் கேனை முதலில் கீழே வைத்தேன். அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது.

நல்ல மழை பெய்த வருஷம், தண்ணீர் மேலேயே இருந்தது. அவள் மேலே வந்தாள். "டீச்சர், கயிறு" என்றாள். அப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். வாளி அவளுக்குக் கொஞ்சம் தள்ளி மிதந்துகொண்டிருந்தது. கயிறு என் கைக்குப் பக்கத்தில். நான் கயிற்றை இழுத்து வாளியை மேலே எடுத்தேன். ஈரக் கயிற்றைச் சுருட்டிச் சுவர்மேல் வைத்தேன். கயிறு தண்ணீரிலேயே கிடந்தால் மக்கிவிடும்.

உள்ளே குழந்தை விழித்துக்கொண்டது. போய்த் தூளியை ஆட்டினேன். ஜுரம் கொதித்தது. நெற்றியில் ஈரத்துணி வைத்தேன். கிணற்றிலிருந்து கொஞ்ச நேரம் கூப்பிடும் சத்தம் வந்தது, பிறகு வரவில்லை. குழந்தை தூங்கும்வரை ஆட்டிவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு படலை மூடிவிட்டுப் போனேன்.

கயிற்றைச் சுருட்டி வைத்ததுதான் தவறு. தவறி விழுந்தவள் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டா விழுவாள் என்று நீங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள். நானும் கூட்டத்தில் நின்றிருந்தேன். நல்ல கேள்வி என்று மனதுக்குள் மார்க் போட்டேன்.

சந்தனமேரி கோயிலிலிருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டாள். சிலுவையைத் தொட்டு முத்தமிட வரிசையில் நின்றிருக்கிறாள். அவள் முறை வந்தபோது, இந்தக் கையால் எப்படித் தொடுவது என்று வரிசையை விட்டு விலகித் தனியாக நடந்து வந்திருக்கிறாள். ஃபாதரே கவனித்திருக்கிறார். மற்றவர்கள் வந்து பார்த்தபோது கிணற்றடியில் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உங்களிடமும் அதையேதான் சொன்னாள். நீங்கள் அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டீர்கள்.

அவள் எதைச் சொன்னாள் என்பது உங்களுக்குத் தெரியாது. சிறையில் போய்ப் பார்த்தபோது என்னிடம் சொன்னாள். பெரிய வெள்ளி அன்று காலையில் ரோஸ்லின் சீப்பைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டு, முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாளாம். "என் தலையைப் பின்னி வுடுங்க அண்ணி. எனக்கு ஒண்ணும் ஆவாது, நீங்களே பாருங்க. சாயங்காலம் நீங்களே எம் புள்ளையத் தூக்குவீங்க." இவள் மாட்டேன் மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். அவள் விடவில்லை. கடைசியில் இவள் பின்னிவிட்டாள். பூவும் வைத்துவிட்டாள், தன் கையால்.

ரோஸ்லினைக் கொன்றதாகச் சந்தனமேரி சொன்னது அதைத்தான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்றாள். கைகள் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டைக்கூடக் குனிந்து வாயால் எடுக்கிறாள் என்று காவலுக்கு நின்ற பெண் சொன்னாள். நான் கம்பிக்குப் பக்கத்தில் போனேன். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராதீங்க டீச்சர். ஒங்களுக்கு எதனா ஆயிடப் போவுது. நீங்க ஒருத்தராவது நல்லா இருக்கணும்."

ஏன் இப்போது வந்து சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிவிடாதீர்கள், அது சரியாக இருக்காது. நான் நன்றாகத் தூங்குகிறேன். அவள் சொன்னதைக் கேட்டீர்கள் அல்லவா? அவ்வளவு கஷ்டத்திலும் அவளுக்கு என் நினைப்புதான். அப்படிப்பட்டவளை அங்கே விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே ஒரு பிடி மண்கூட இல்லை, எல்லாம் சிமெண்ட் தரை. நான் சொல்லாவிட்டால் அவளை வெளியே கொண்டுவர வேறு யாருக்கும் வழி தெரியாது.

கேன் என் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. எலுமிச்சை அடியில் மண்ணை எடுத்து நீங்களே நாக்கில் வைத்துப் பாருங்கள். பாப்பாத்தியைக் கேளுங்கள். அவள் ஒளிக்க மாட்டாள்.

சந்தனமேரியை விட்டதும் விஷயத்தை அவளுக்கு மெதுவாகச் சொல்லுங்கள். முதலில் நம்ப மாட்டாள். டீச்சர் அப்படிச் செய்ய மாட்டாங்க என்பாள். பிறகு என்மேல் கோபப்படுவாள், அது நியாயம்தான், நான் பொறுத்துக்கொள்வேன். ஒரு மழைக்காலம் போகட்டும். என்னைப் பார்க்க வருவாள். புருஷன் இல்லை. நாத்தனாரும் இல்லை. குழந்தையை ரோஸ்லினின் புருஷன் விக்டர் கிளியனூருக்குத் தன் அம்மாவிடம் கொண்டுபோய்விட்டான், இனி அவர்கள் இவளிடம் காட்டக்கூட மாட்டார்கள். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?